நான்கு குரல்கள் தப்பியோடிய வழக்கு

எங்கள் வால்தோர்னா சமஸ்தானத்தில் பொது அமைதி அலுவலகம் என்று ஒன்று இருந்தது. ஊரிலேயே அதிகமாகச் சத்தம் வருகிற இடம் அதுதான். காலை எட்டு மணிக்கு முத்திரை குத்த ஆரம்பித்தால் மாலை நாலு வரைக்கும் டொக் டொக்கென்று குத்திக்கொண்டே இருப்பார்கள். பக்கத்துக் கன்னிமாடத்துச் சகோதரிகள், ஜெபம் சொல்ல முடியவில்லை என்று ஒருமுறை புகார் எழுதினார்கள். அந்தப் புகாரின் மேலும் மூன்று முத்திரை குத்தி, "அமைதி பற்றிய தங்கள் புகார் அமைதியாகக் கோப்பில் வைக்கப்பட்டது" என்று பதில் அனுப்பினார்கள்.

அந்த அலுவலகத்தோடு எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு வேலையும் இல்லை. நான் ஓர்சொலா. சீமாட்டி லவீனியா கரம்பெல்லியின் மாளிகையில் இருபத்திரண்டு வருடமாகச் சமையலும் வீட்டுப் பொறுப்பும் பார்ப்பவள். எனக்குத் தெரிந்த சங்கீதம் பால் பொங்குகிற சத்தம் ஒன்றுதான். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, "பாஸோ எந்த வழியாகத் தப்பித்தான், சொல்!" என்று கேட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

சீமாட்டியின் கணவர் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சபை கூடும். பாடகர்கள், வைத்தியர்கள், கவிதை எழுதுகிறவர்கள், எழுதாமல் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். சீமாட்டி பியானோவில் உட்கார்ந்து, தானே இயற்றிய பாட்டுகளை வாசிப்பார். ஊரே சொக்கிப்போய்க் கேட்கும். ஆனால் அச்சில் வரும்போது அட்டையில் "ஓர் உயர்குலப் பெண்மணி இயற்றியது" என்று மட்டும்தான் போடுவார்கள். பிரபு குடும்பத்துப் பெண்ணின் பெயர் அச்சு மையில் பட்டால் அழுக்காகிவிடும் என்று எங்கள் ஊர் வழக்கம். இப்படியே அறுபத்தொரு பாட்டு வெளியே போயிற்று. அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? பக்கத்து ஊரில் ஒரு விருந்து. கழுதை கத்துகிற மாதிரிப் பாடுகிற ஒரு கிழட்டுச் சீமாட்டி, "அந்த உயர்குலப் பெண்மணி நீங்கள்தானே?" என்று யாரோ கேட்டதற்குத் தலையைக் குனிந்து வெட்கப்பட்டு, எங்கள் சீமாட்டி அம்மாவுக்கு வரவேண்டிய பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை சபைக்கு அரசாங்க உளவாளி ஒருவரும் வருவார். பெயர் ஃபெதேலே சுக்கோத்தி. 'புல்லாங்குழல் ரசிகர்' என்று மாறுவேடம். ஊருக்கே அவர் உளவாளி என்று தெரியும். பாதாம் பிஸ்கோத்துத் தட்டுக்குப் பக்கத்தில் அவருக்கென்று நானே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். நல்ல மனுஷர், உடம்பு கொஞ்சம் பெரிசு, உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்.

"ஓர்சொலாம்மா, கொஞ்சம் கண்ணசந்துட்டேன். இன்னிக்கு என்ன பேசினாங்க?" என்று போகும்போது சமையலறைக்கு வந்து கேட்பார்.

"மழை வரும்னு பேசினாங்க."

"வருமாமா, வராதாமா?"

"ரெண்டு கட்சியா இருந்தாங்க."

அதை அப்படியே எழுதிக்கொள்வார். ஒன்பது வருட ரகசியக் கோப்பில் எங்கள் வீட்டைப் பற்றி இருந்ததெல்லாம் மழையும் வெயிலும்தான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அம்மா ஃபூகா எழுத உட்கார்ந்தார்.

எங்கள் மொழியில் ஃபூகா என்றால் தப்பியோடுவது. சிறையிலிருந்து திருடன் ஓடினாலும் ஃபூகாதான், அடுப்பிலிருந்து பால் ஓடினாலும் ஃபூகாதான். சங்கீதக்காரர்கள் ஒருவகைப் பாட்டுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஒரு குரல் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு முன்னால் ஓடும். இன்னொரு குரல் அதே மெட்டோடு பின்னால் துரத்தும். அப்புறம் மூன்றாவது, நாலாவது. மோதிக்கொள்ளாமல் நாலும் ஓடவேண்டும். அது சங்கீதத்தில் ரொம்பக் கஷ்டமான வேலையாம், பெரிய பெரிய ஆண்பிள்ளைகளே தொடப் பயப்படுவார்களாம். அம்மா இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினார். ரிசோத்தோச் சோறு ஆறிப்போகும், நான் கத்துவேன், அவர் காதில் விழாது. முடித்த அன்றைக்குச் சமையலறைக்கே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். விரலெல்லாம் மை.

மிலானில் இருந்த அச்சகத்தார் கடிதம் எழுதினார். "அட்டையில் தங்கள் பெயரையே போடத் தயார். ஆனால் ஒரு பெண் நாலு குரல் ஃபூகா எழுதினாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இது தாங்களே இயற்றியது என்று உங்கள் ஊர் சங்கீதக் கழகம் சான்றிதழ் கொடுத்தால் உடனே அச்சிடுவேன்."

அதனால் கழகத்துக்குப் போனோம். கழகத் தலைவர் மாயெஸ்த்ரோ, அதாவது வித்வான், கவுதென்ஸியோ பெஸ்தலோக்கா. அவர் கடைசியாக இயற்றியது, ராஜாவின் குதிரைக்குப் பிறந்தநாள் அணிவகுப்பு. அது முப்பது வருடத்துக்கு முன்னால். குதிரையே செத்துப்போய்விட்டது.

"சீமாட்டி, மூணு நாள் உக்காந்து பார்த்தேன்" என்றார் மாயெஸ்த்ரோ. "ஒரு தப்புகூட இல்ல. அதுதான் எங்களுக்குப் பெரிய சங்கடமா போச்சு."

"தப்பு இல்லைன்னா நல்லதுதானே?" என்றார் அம்மா.

"எங்களுக்கு நல்லது இல்லையே! நாலு தப்பு இருந்திருந்தா, பொம்பளை எழுதினதுன்னு பார்த்தவுடனே தெரிஞ்சிருக்கும், சந்தோஷமா சான்றிதழ் குடுத்திருப்போம். விதி பதினாலு என்ன சொல்லுது? 'பெண்மணிகள் இயற்றுபவை மென்மையாகவும், சுருக்கமாகவும், கொஞ்சம் பிழையோடும் இருத்தல் வேண்டும்.' இதுல மூணும் இல்ல. நாங்க என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

"நான் எழுதினேன், மாயெஸ்த்ரோ. இப்பவே உக்காந்து இன்னொண்ணு எழுதட்டுமா?"

"அய்யய்யோ, இன்னொண்ணா! அப்ப எங்களுக்கு ரெண்டு சங்கடம். இதுல ஒரு ஆம்பளை கை இருக்கு, சீமாட்டி."

"யாரோட கை?"

மாயெஸ்த்ரோ சுவர்க் கண்ணாடியைப் பார்த்துப் பொய்முடியைச் சரிசெய்துகொண்டார். "அடக்கம் காரணமா நான் பேர் சொல்லக் கூடாது. இந்த ஊர்ல நாலு குரல் ஃபூகா எழுதத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான். அவர் இந்த அறையிலதான் இருக்கார். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அந்த அறையில் இருந்த ஆம்பளை அவர் ஒருவர்தான். ஒரு வாரத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிட்டது. காப்பிக் கடையில் உட்கார்ந்து மாயெஸ்த்ரோ பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று சுக்கோத்தியே வந்து சொன்னார்.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஓர்சொலா, அறுபத்தொண்ணும் பேரில்லாம போச்சு. போகட்டும். இது ஒண்ணு என் பேர்ல வரணும். இது மட்டும் போதும் எனக்கு" என்றார்.  இரண்டு வருடம் அந்த மனுஷி கண்ணைக் கெடுத்துக்கொண்டதை நான் பார்த்தவள்.

சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அச்சகத்தாரிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று பாட்டுத் தாள்களைக் கட்டாகக் கட்டி, மேலே பெரிய எழுத்தில் தானே எழுதினார்: "ஃபூகா, நான்கு குரல்களுக்கு, ரே மினோரே. லவீனியா கரம்பெல்லி." நான்தான் தபாலில் சேர்த்தேன். அந்தக் கையை உடைக்க வேண்டும்.

எங்கள் சமஸ்தானத்தில் தபால் போய்ச் சேருவதற்கு முன்னால் பொது அமைதி அலுவலகம் படிக்கும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சில பேர் கடிதத்தின் அடியில் "படிக்கிற ஐயாவுக்கும் வணக்கம்" என்றுகூட எழுதுவார்கள். ஆனால் அந்த ஒரு வரி இப்படிப் போய் முடியும் என்று யார் கண்டது? ரே மினோரே என்பது பாட்டின் சுருதி. ரே என்பது ஒரு ஸ்வரத்தின் பெயர். ஆனால் எங்கள் மொழியில் ராஜாவுக்கும் அதே சொல்தான், ரே. மினோரே என்றால் சின்னது.

எங்களை ஆண்டவர் உள்ளபடிக்கு டியூக்தான். ராஜா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். உயரம் மட்டும் கொஞ்சம் பத்தாது. சிம்மாசனத்தில் நாலு திண்டு போட்டு ஏற்றி உட்கார வைப்பார்கள். 'சின்ன' என்ற வார்த்தையை அரண்மனையில் சொல்லக் கூடாது. சின்ன வெங்காயத்தைக்கூட 'இளைய வெங்காயம்' என்றுதான் அங்கே கேட்க வேண்டும்.

அப்படியிருக்க, அலுவலகத்தில் பிரித்துப் பார்த்தவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? தப்பியோட்டம். நாலு பேர். சின்ன ராஜா.

மறுநாள் காலையில் இரண்டு காவலர்கள் வந்து நின்றார்கள். அம்மாவைக் குற்றவாளி என்றும் என்னைச் சாட்சி என்றும் அழைத்துப் போனார்கள். களி கிண்டிக்கொண்டிருந்தேன், கரண்டியோடு போனேன். அதைச் சாட்சிப் பொருள் என்று வாங்கிவைத்துக்கொண்டார்கள். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

அலுவலகத்தின் இயக்குநர் பெயர் பொனிஃபாச்சியோ திரிங்கா. மேஜை முழுக்க அம்மாவின் சங்கீத நோட்டுத் தாள்களை விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுக்கோத்தி ஒரு மூலையில் நின்று என்னைப் பார்க்க வெட்கப்பட்டு உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சீமாட்டி, நாங்க ரொம்ப அன்பான அலுவலகம்" என்று ஆரம்பித்தார் திரிங்கா. "எங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சதை நீங்க சொல்லிட்டா எங்களுக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும். யார் இந்த நாலு பேர்?"

"நாலு பேர் இல்ல, நாலு குரல். மேல் குரல்லேர்ந்து கீழ்க் குரல் வரைக்கும், சோப்ரானோ, ஆல்தோ, தெனோரே, பாஸோ" என்றார் அம்மா.

"பாஸோ!" என்று திரிங்கா துள்ளிவிட்டார். "எங்க தெருமுனையில பாஸோன்னு ஒருத்தன் செருப்புத் தைக்கிறான். பிடிச்சுட்டு வாங்கடா அவனை!"

அரைமணியில் பாஸோவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பாவம், ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் யாருடைய செருப்போ.

"முதல் ஆள் எப்பக் கிளம்புறான்?" என்று திரிங்கா அம்மாவைக் கேட்டார்.

"பாட்டோட முதல் அடியிலேயே."

"ரெண்டாவது ஆள்?"

"நாலு அடி தள்ளி."

திரிங்கா எழுத்தரிடம் திரும்பினார். "நாலு அடி இடைவெளி. குறிச்சுக்கோ. ரொம்பக் கிட்டக்க ஓடுறாங்க, பழக்கப்பட்டவனுங்கதான். அப்புறம் சீமாட்டி, ரெண்டாவது ஆள் என்ன பண்றான்?"

"முதல் குரல் சொன்னதுக்குப் பதில் சொல்லுது. அதுக்கு 'பதில்'னுதான் பேரே."

"சங்கேத வார்த்தை!" எழுத்தரின் பேனா பறந்தது. "கடைசியில நாலு பேரும் எங்க சேருறாங்க?"

"ரே-யில."

 முத்திரை குத்துகிறவன்கூட நிறுத்திவிட்டான்.

"நாலு பேரும்?" என்றார் திரிங்கா மெல்ல. "ஒரே நேரத்துல? ராஜா மேல?"

"நாலும் ஒண்ணா ரே-யில வந்து விழுந்தாத்தான் பாட்டு முடியும். வேற எப்படி முடிக்கிறதாம்?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சங்கீதத்தில் யாராவது தப்பாகப் பேசினால் அவருக்குப் பொறுக்காது, கழுத்தில் கத்தி இருந்தாலும் திருத்துவார்.

நான் குறுக்கே விழுந்தேன். "ஐயா, அது பாட்டுங்க! பியானோவுல வாசிக்கிறது! மாதா சத்தியமா ஒருத்தரும் எங்கேயும் ஓடல!"

"நீ சும்மா இரும்மா. நீ சமைக்கிறப்போ பாஸோ எந்த வழியாத் தப்பிச்சான், அதைச் சொல்லு."

"நான் இங்கதானேங்க உக்காந்திருக்கேன்?" என்றான் பாஸோ.

"அதான் திட்டம். தப்பிக்காத மாதிரி உக்காந்திருக்கறது" என்றார் திரிங்கா.

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி, கருணையோடு பேசினார். "சீமாட்டி, இவ்வளவு பெரிய சதியை ஒரு பொம்பளை தனியா யோசிக்க முடியாது. அது உங்களுக்குப் பெருமை. நாங்க விசாரிச்சாச்சு. இதுல ஒரு ஆம்பளை கை இருக்குன்னு சங்கீதக் கழகத்துக் கோப்பே சொல்லுது. அவரையும் வரச் சொல்லியிருக்கோம்."

எதற்குக் கூப்பிட்டார்கள் என்று மாயெஸ்த்ரோவுக்குத் தெரியாது. பட்டயம் கொடுக்கத்தான் என்று நினைத்து, பழைய பதக்கத்தையெல்லாம் மார்பில் குத்திக்கொண்டு, புதுப் பொய்முடியோடு வந்து நின்றார்.

"மாயெஸ்த்ரோ, இந்த ஃபூகாவை எழுதினது நீங்கதானா?" என்று கேட்டார் திரிங்கா.

மாயெஸ்த்ரோ கண்ணை மூடிக்கொண்டார். "அடக்கம் தடுக்குது. ஆனா அரசாங்கமே வாய்விட்டுக் கேக்கும்போது, இல்லைன்னு சொன்னா கலைக்குத் துரோகம்."

"ஊர்ல எல்லாரும் நீங்கன்னுதான் சொல்றாங்க."

"மக்கள் குரல். நான் யாரு அதை மறுக்க?"

"ரொம்ப நல்லது. விலங்கு கொண்டு வாங்கடா."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க சமையல் மேலங்கித் துணியை வாயில் திணித்துக்கொண்டேன். மாயெஸ்த்ரோ முகம் தயிர் மாதிரி ஆகிவிட்டது.

"எந்த... எந்த ஃபூகா? ஓ, இதுவா? இது என்னுது இல்லையே! ஒரு நோட்டுகூட என்னுது இல்ல! ஐயா, எனக்கு ஃபூகா எழுதவே வராது. முப்பது வருஷமா எனக்கு ஒண்ணுமே வரல! அந்தக் குதிரை அணிவகுப்பே என் மச்சான் எழுதினது!"

"அப்ப யார் எழுதினது?"

"இந்தச் சீமாட்டிதான்! தனியா! எங்க கழகத்துல ஒருத்தனுக்கும் இவ்வளவு திறமை கிடையாது. எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன்!"

"எழுத்துல குடுங்க."

பேனாவை மையில் தோய்த்துத் தோய்த்து எடுத்தார் மாயெஸ்த்ரோ. வார்த்தை வரவில்லை. "நான் சொல்றேன், எழுதுங்க" என்றார் எங்கள் அம்மா. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, குழந்தைக்குப் பாடம் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மாயெஸ்த்ரோ எழுதினார். 'இந்த ஃபூகா முழுவதும் சீமாட்டி லவீனியா கரம்பெல்லி தனியாக இயற்றியது. எந்த ஆணும் இதில் ஒரு கோடுகூடப் போடவில்லை. போடத் தகுதியும் இல்லை.'

"அந்தக் கடைசி வரி வேணுமா, சீமாட்டி?" என்று மாயெஸ்த்ரோ கெஞ்சினார்.

"வேணும், வேணும். அப்பத்தான் உங்க மேல சந்தேகம் வராது" என்றார் திரிங்கா.

சாயங்காலத்துக்குள் கழகத்தின் மற்ற ஏழு உறுப்பினர்களும் முண்டியடித்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார், அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னொருவர் ஒருபடி மேலே போய், தனக்கு நோட்டே படிக்கத் தெரியாது என்று தனித்தாளில் எழுதிக் கொடுத்தார். அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அதோடு விட்டார்களா? அலுவலக விதிப்படி, குற்றம் எப்படி நடந்திருக்கும் என்று நடத்திப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு எழுத வேண்டுமாம். கொலை என்றால் யாரையாவது படுக்க வைத்துப் பார்ப்பார்கள். தப்பியோட்டம் என்றால் ஓடிப் பார்க்க வேண்டும். நாலு குரல் வேண்டும் என்று திரிங்கா தானே சோப்ரானோவாக நின்றார். அந்தஸ்தில் மேலே இருப்பவர்தான் மேல் குரல் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார். எழுத்தர் ஆல்தோ. சுக்கோத்தி தெனோரே. பாஸோ, வேறென்ன, பாஸோ.

அம்மா அவர்களுக்கு மூன்று நாள் பாடம் எடுத்தார். அலுவலகத்தில் முத்திரைச் சத்தம் அடியோடு நின்றது அந்த மூன்று நாள்தான். "எழுத்தரே, நீங்க சீக்கிரம் நுழையறீங்க! நாலு அடி எண்ணுங்க! திரிங்கா, மூக்கால பாடாதீங்க!" என்று அம்மா கரும்பலகையில் அடித்து அடித்துச் சொல்வார். குற்றவாளி திட்டுகிறாரே என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. சுக்கோத்திக்கு மட்டும் நிஜமாகவே நல்ல குரல். ஒன்பது வருடம் தூங்கிக்கொண்டே கேட்டது உள்ளே போய்ச் சேர்ந்திருந்தது போல. பாஸோவும் தாளம் தப்பாமல் பாடினான், தோல் தட்டிப் பழகிய கை.

நாலாம் நாள் அலுவலகத்தின் நீளமான நடைவழியில் நடத்திப் பார்த்தார்கள். ஒரு கோடியில் இவர்கள், மறுகோடியில் ராஜாவின் ஆளுயரப் படம். ஆளுயரம் என்றால் வேறொரு ஆளின் உயரம். திரிங்கா கீச்சுக் குரலில் பாடிக்கொண்டு ஓடினார். நாலு அடி தள்ளி எழுத்தர் அதையே பாடிக்கொண்டு துரத்தினார். பின்னாலேயே சுக்கோத்தி, மூச்சு வாங்க. கடைசியில் பாஸோ, கையில் செருப்போடு. அம்மா நடுவில் நின்று இரண்டு கையாலும் காற்றை அறைந்து வேகத்தை ஏற்றினார். நாலு குரலும் நெருக்கியடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசி ரே-யை மிகச் சரியாக, ஒரே நொடியில் பிடித்தன. ஓட்டத்தைத்தான் ஒருவராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. நாலு பேரும் போய் ராஜா படத்தில் மோதினார்கள். படம் கழன்று திரிங்காவின் தலையில் விழுந்து, ராஜாவின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு அவர் முகம் வெளியே வந்தது.

"நிரூபணமாச்சு!" என்று படத்துக்குள்ளிருந்து அவர் கத்தினார். "நாலு பேரும் ராஜா மேல வந்து விழுந்தாச்சு! நான் சொன்னேனா இல்லையா! எழுதுடா!"

எழுத்தர் எழுதும் நிலையில் இல்லை. அம்மா எதையும் கவனிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "கடைசி அடி நல்லா வந்துது, ஓர்சொலா. நாலும் சேர்ந்து வந்துது, கேட்டியா?" என்றார். தன் ஃபூகாவை மனிதக் குரலில் முழுசாக அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

தீர்ப்புக்கு முன்னால் திரிங்கா எங்களைத் தனியே அழைத்தார். நெற்றியில் கட்டு.

"சீமாட்டி, நல்ல குடும்பம், நல்ல பிஸ்கோத்து. உங்களைத் தண்டிக்க எனக்கு மனசில்ல. ஒரு வழி சொல்றேன். உங்களுக்குப் பாட்டு சொல்லிக்குடுத்த வாத்தியார் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சாமே? அவர் எழுதி வச்சுட்டுப் போனார்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இறந்தவரை நாங்க வசதியா தண்டிச்சுக்கறோம். எங்களுக்கும் அலைச்சல் இல்ல, அவருக்கும் வலி இல்ல. இல்லைன்னா ஒரு வருஷம் உங்க வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது. தோட்டத்துக்குக்கூட முடியாது."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருக்குச் சாயங்கால நடை உயிர். ஆற்றங்கரையில் நடந்துகொண்டேதான் மெட்டு கட்டுவார். எனக்குத் தெரியாதா? நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுதிக் குடுத்துடுங்கம்மா. செத்துப்போனவருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு நஷ்டம்டி" என்றார். கத்தவில்லை, அழவில்லை. திரிங்காவைப் பார்த்து, "நான் எழுதினேன். முதல் நோட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் நான்தான். எழுதிக்கோங்க" என்றார்.

திரிங்கா பெருமூச்சு விட்டு, ஒரு வருட வீட்டுக்காவல் என்று தீர்ப்பு எழுதினார். செருப்புத் தைக்கிற பாஸோவை விட்டுவிட்டார்கள், அவன் ரொம்ப நாள் கடையில் உட்கார்ந்து அந்த மெட்டைப் பாடிக்கொண்டிருந்தான். மாயெஸ்த்ரோ காப்பிக் கடைப் பக்கமே வரவில்லை. வியாழக்கிழமை சபையைத் தடைசெய்வதா என்று அலுவலகத்தில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. சபை இல்லாவிட்டால் கண்காணிக்க ஒன்றும் இருக்காது, சுக்கோத்தியின் பதவி காலியாகிவிடும் என்று சபையை அனுமதித்தார்கள். வாசலில் மெழுகு முத்திரை வைத்தார்கள். விருந்தாளிகள் வரலாம், போகலாம். வீட்டுக்காரி மட்டும் போகக்கூடாது.

முதல் வியாழக்கிழமை சுக்கோத்தி மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மாறுவேடத்துக்குப் புல்லாங்குழலைக்கூட எடுத்து வரவில்லை. சட்டைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு பெரிய தாளை எடுத்தார். பசை இன்னும் காயவில்லை.

"உங்க தீர்ப்பை அச்சடிச்சு ஊர் பூரா சுவத்துல ஒட்டியிருக்காங்கம்மா. முந்நூறு. சங்கீதக் கழகத்துக் கதவுல மட்டும் மூணு. நீங்க போய்ப் பாக்க முடியாதேன்னு ஒண்ணை உரிச்சுட்டு வந்தேன். அரசாங்கத் தாளைக் கிழிக்கிறது குத்தம்தான். சொல்லிடாதீங்க."

"யாருகிட்ட சொல்றது? நீங்கதானே உளவாளி?" என்றேன். 

அம்மா தாளைப் பியானோவின் மேல் விரித்தார். மேலே சமஸ்தானத்து முத்திரை. கீழே மாயெஸ்த்ரோவின் கையெழுத்தும் கழகத்தார் ஏழு பேரின் கையெழுத்தும் அச்சடித்திருந்தன. நடுவில் ஒரு முழ எழுத்தில், கண் தெரியாதவனுக்கும் தெரிகிற மாதிரி, 'இயற்றியவர்: சீமாட்டி லவீனியா கரம்பெல்லி. வேறு எவரும் அல்லர்.'

அதை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். மூன்று தடவை படித்தார். விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

"அச்சகத்தார் கேட்ட சான்றிதழ் இதைவிடப் பெரிசா யார் தருவா?" என்றார். "இதை மிலானுக்கு அனுப்பணுமே."

"தபால்ல வேண்டாம்மா, எங்காளுங்க பிரிச்சுடுவாங்க. எனக்கு அந்தப் பக்கம் ஒரு அத்தை இருக்கா. நானே கொண்டு போறேன்" என்று சுக்கோத்தி தாளை மடிக்கப் போனார்.

"இருங்க, இன்னொரு தடவை" என்று அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குப் போய் ஒரு வருஷம் வாசல் தாண்ட முடியாம அடைஞ்சு கிடக்கப் போறீங்களேம்மா!" என்று அழுதுவிட்டேன்.

அம்மா மைபட்ட விரலாலேயே என் கன்னத்தைத் துடைத்தார்.

"போடி பைத்தியக்காரி. இத்தனை வருஷமா நான் ஊரெல்லாம் சுத்தினேன், என் பேரு வீட்டுக்குள்ள கிடந்துச்சு. இப்ப அது வெளிய போயிட்டு வரட்டும். நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."